இடித்தது லாரி! தண்டம் கார்க்காரருக்கு!!

மூலக்கொத்தளம் வட்டாரக் கார் உரிமையாளர்களே, கிளெய்ம் பாரத்தில் கையெழுத்துப் போடும் முன் கணக்குப் பாருங்கள்!

சென்னை -

தப்பே செய்யாத கார்க்காரர் அடுத்த வருஷம் கூடுதல் இன்சூரன்ஸ் பணம் கட்டுகிறார். பின்னால் வந்து இடித்த லாரிக்காரரோ ஒரு பைசா நஷ்டமில்லாமல் ஜம்மென்று போகிறார்.

வட சென்னையில் துறைமுக லாரிகளோடு ஒட்டி உரசி வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. "இடிச்சது அவன். தண்டம் மட்டும் எனக்கா? இது என்ன நியாயம்?" என்று அவர்கள் குமுறுகிறார்கள்.

இப்படி நடப்பது ஏன்? தப்பிக்க வழி உண்டா? இதுபற்றிய விவரம் வருமாறு:-

லாரிகளின் ராஜ்யம்

மூலக்கொத்தளத்தில் இருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் பெரிய வண்டிகள்தான். ராயபுரம் போனால் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் டிரெய்லர்கள். காசிமேடு போனால் மீன் ஏற்றும் வண்டிகள். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் பெட்ரோல், டீசல் டாங்கர்கள். திருவொற்றியூர், எண்ணூர் என்றால் கேட்கவே வேண்டாம்.

இவற்றுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ஊர்ந்து போகிறது கார். சிக்னலில் சிவப்பு விழுந்ததும் கார் நிற்கிறது. பின்னால் வரும் லாரி நிற்பதில்லை.

டமார்!

இறங்கிப் பார்த்தால் பம்பர் தொங்குகிறது. பின் விளக்கு நொறுங்கிக் கிடக்கிறது. டிக்கி கதவு உள்ளே போய்விட்டது. லாரியில் ஒரு கீறல்கூட இல்லை.

லாரி டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு சொல்லும் பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"இன்னா சார், லேசாத்தானே பட்டுச்சு! இன்சூரன்ஸ் வச்சிருப்பீங்கல்ல? அதுல போட்டு வாங்கிக்குங்க சார்!"

பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. கார்க்காரரும் சரி, போகட்டும் என்று கிளம்பி விடுகிறார். அந்த "போட்டு வாங்கிக்குங்க"வில்தான் வினையே இருக்கிறது.

ஒரு பத்திரம், இரண்டு பாகம்

கார் இன்சூரன்ஸ் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் பிரீமியத்தில் இரண்டு பாகம் இருக்கும்.

முதல் பாகம், மூன்றாம் நபர் இன்சூரன்ஸ். உங்கள் வண்டி இடித்து அடுத்தவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு இது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவுப்படி இது கட்டாயம். இல்லாமல் வண்டி எடுத்தால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். இதன் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1-ந் தேதி அமலுக்கு வந்த விகிதப்படி 1,000 சி.சி. வரை உள்ள சொந்தக் காருக்கு 2,094 ரூபாய். 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். 40 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு 44,242 ரூபாய்.

இரண்டாவது பாகம், சொந்த சேதம். உங்கள் வண்டிக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு இது. இது கட்டாயம் இல்லை. இதன் கட்டணத்தை 2007 ஜனவரி 1 முதல் அந்தந்தக் கம்பெனியே நிர்ணயிக்கிறது.

இந்த இரண்டாவது பாகத்தில்தான் "நோ கிளெய்ம் போனஸ்" என்ற தள்ளுபடி இருக்கிறது.

போனஸ் எதற்கு?

ஒரு வருஷம் முழுவதும் கிளெய்ம் போடாமல் இருந்தால் அடுத்த வருஷ சொந்த சேத பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. தொடர்ந்து இரண்டு வருஷம் என்றால் 25. மூன்று என்றால் 35. நான்கு என்றால் 45. ஐந்து வருஷம் கிளெய்மே இல்லை என்றால் 50 சதவீதம். அதற்கு மேல் ஏறாது.

2002-ம் ஆண்டு மோட்டார் கட்டண விதிகளில் உள்ள படிக்கட்டு இது. கட்டணக் கட்டுப்பாடு போன பிறகும் இந்தப் படிக்கட்டு அப்படியே நிற்கிறது.

ஒரு கிளெய்ம் போட்டால்? பாம்பு கடித்த பரமபதம் மாதிரி, 50-ல் இருந்து நேரே பூஜ்யத்துக்கு இறங்க வேண்டியதுதான். மறுபடி முதல் படியில் இருந்து ஏற ஐந்து வருஷம் ஆகும்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். ஒழுங்காக வண்டி ஓட்டியதற்குப் பரிசு இந்த போனஸ் என்று நினைக்கிறார்கள். அது தவறு. பணம் கேட்காமல் இருந்ததற்குத்தான் இந்தப் பரிசு!

தப்பு யார் மேல் என்று விதி கேட்பதில்லை. லாரி இடித்தாலும் ஒன்றுதான், மரம் விழுந்தாலும் ஒன்றுதான், நீங்களே சுவரில் போய் மோதினாலும் ஒன்றுதான். பணம் வாங்கினால் போனஸ் போச்சு!

இடித்த லாரியின் கதை என்ன? அதற்கு அடி இல்லை. அதன் முதலாளி சொந்த சேத கிளெய்ம் போடவில்லை. ஆகவே அவர் போனசுக்கு ஆபத்தில்லை. தப்பு செய்தவர் படியில் ஏறிக்கொண்டே போகிறார். தப்பு செய்யாதவர் சறுக்கி விழுகிறார்.

கணக்கு இதோ!

ஒரு காரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வயது ஆறு. எஞ்சின் 1,200 சி.சி. ஐந்து வருஷமாகக் கிளெய்ம் இல்லை. போனஸ் இல்லாவிட்டால் சொந்த சேத பிரீமியம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீதம் போனஸ் போக அந்த உரிமையாளர் கட்டுவது 5,000 ரூபாய்.

பின்னால் லாரி இடித்தது. ஷெட்டில் 14,000 ரூபாய் பில் கொடுக்கிறார்கள். பம்பர் 4,000. பின் விளக்கு 2,500. டிக்கி கதவு 3,500. டிங்கரிங் கூலி 2,000. பெயிண்ட் 2,000.

பதினாலாயிரமும் கம்பெனி கொடுத்துவிடும் என்று நினைத்தால் அங்கே முதல் அதிர்ச்சி.

பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குத் தேய்மானம் என்று பாதி கழிப்பார்கள். ஆகவே பம்பருக்கு 2,000, விளக்குக்கு 1,250. ஐந்து வருஷம் தாண்டிய வண்டியின் இரும்பு பாகங்களுக்கு 40 சதவீதம் கழிவு. ஆகவே கதவுக்கு 2,100. கூலி 2,000 முழுசாக வரும். பெயிண்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் விலையாக எடுத்து அதில் பாதி கழித்தால் 1,750.

மொத்தம் 9,100. இதிலும் 1,500 சி.சி. வரை உள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய் உண்டு. கைக்கு வருவது 8,100 ரூபாய். பாக்கி 5,900 ரூபாய் கார்க்காரர் தலையில்.

"சரி, எட்டாயிரமாவது வந்துச்சே" என்று அவர் சந்தோஷப்படுகிறார்.

அடுத்த வருஷம் ரெனிவல் நோட்டீஸ் வருகிறது. போனஸ் பூஜ்யம். கட்ட வேண்டியது 5,000 அல்ல, 10,000!

அதற்கு அடுத்த வருஷம் 20 சதவீதம் கழித்து 8,000. பிறகு 7,500. பிறகு 6,500. பிறகு 5,500. ஐந்து வருஷத்தில் மொத்தம் 37,500 ரூபாய்.

கிளெய்ம் போடாமல் இருந்திருந்தால்? வருஷம் 5,000 வீதம் ஐந்து வருஷத்துக்கு 25,000 ரூபாய்.

வித்தியாசம் 12,500 ரூபாய்!

வாங்கியது 8,100. இழந்தது 12,500. தப்பே செய்யாமல், இன்சூரன்சும் வைத்திருந்து, கிளெய்மும் போட்டு, 4,400 ரூபாய் கூடுதல் நஷ்டம்!

வண்டிக்கு வயதாக ஆக அதன் மதிப்பு இறங்கும். பிரீமியமும் கொஞ்சம் இறங்கும். ஆகவே நிஜத்தில் இந்தத் தொகை சற்றுக் குறையலாம். ஆனால் பிரீமியத்தின் மேல் வரி வேறு உண்டு. கிளெய்ம் போட்டவர் என்பதற்காகக் கம்பெனி தரும் தனித் தள்ளுபடியையும் குறைக்கலாம். அதெல்லாம் சேர்ந்தால் நஷ்டம் கூடவும் செய்யலாம்.

மனசில் நிறுத்த ஒரு வாய்ப்பாடு

50 சதவீத போனசில் இருப்பவர், தற்போது தான் கட்டும் சொந்த சேத பிரீமியத்தை இரண்டரையால் பெருக்கிப் பார்க்க வேண்டும். கம்பெனி கொடுக்கும் பணம் அதைவிடக் குறைவு என்றால் கிளெய்ம் போடுவது நஷ்டம். கூடுதல் என்றால் தாராளமாகப் போடலாம்.

20 சதவீத போனசில் இருப்பவருக்கு இழப்பு இவ்வளவு இல்லை. அதே 10,000 ரூபாய் கணக்கில் அவர் ஐந்து வருஷத்தில் இழப்பது 8,000 ரூபாய்.

போனசே இல்லாதவரும் தப்ப முடியாது. அடுத்த வருஷம் கிடைக்க வேண்டிய முதல் படி அவருக்குத் தள்ளிப் போகும்.

வண்டி அப்பளமாக நொறுங்கி அறுபதாயிரம், எழுபதாயிரம் என்று பில் வந்தால் யோசிக்கவே வேண்டாம். அதற்காகத்தானே இன்சூரன்ஸ்! சின்ன அடிக்குத்தான் இந்தக் கணக்கு.

வெள்ளம் வந்தாலும் போச்சு!

லாரி மட்டும் அல்ல, மழையும் போனசைக் கொண்டுபோகும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது பேசின் பிரிட்ஜ் - வியாசர்பாடி இடையே 14-ம் எண் ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியது. ரயில்கள் ரத்தாயின. ரயிலுக்கே அந்தக் கதி என்றால், தெருவில் நிறுத்திய கார்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீருக்குள் நின்றன.

வெள்ளம் யார் தப்பு? கார்க்காரர் தப்பு அல்ல. ஆனாலும் வெள்ளச் சேதத்துக்குப் பணம் வாங்கினால் போனஸ் போய்விடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தண்ணீரில் நின்ற காரை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து நொறுங்கிவிடும். "நீங்கள் சாவியைத் திருப்பியதால் வந்த சேதம் இது" என்று கம்பெனி கையை விரித்துவிடலாம். எஞ்சின் பாதுகாப்புக்கு என்று தனியாகப் பணம் கட்டியிருந்தால்தான் தப்பலாம். ஆகவே தண்ணீர் வடிந்ததும் சாவியைத் தொடாமல் வண்டியை இழுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போவதே உத்தமம்.

மலேசியாவில் நியாயம் இருக்கிறது

உலகம் முழுவதும் இப்படித்தானா? இல்லை.

தமிழர்கள் நிறைய வாழும் மலேசியாவிலும் இதே மாதிரி போனஸ் உண்டு. சொந்தக் காருக்கு முதல் வருஷம் 25 சதவீதத்தில் தொடங்கி 55 சதவீதம் வரை போகும். ஆனால் அங்கே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. தப்பு எதிராளி மேல் என்று போலீஸ் விசாரணையில் தெரிந்தால், முழு இன்சூரன்ஸ் வைத்திருப்பவர் தன் சொந்தக் கம்பெனியிலேயே பணம் வாங்கிக்கொள்ளலாம். போனஸ் குறையாது.

சிங்கப்பூரில் வருஷத்துக்கு 10 சதவீதம் வீதம் 50 வரை ஏறும். விபத்தில் உங்கள் பங்கு 20 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால் போனசுக்குக் கேடில்லை. தப்பு உங்கள் மேல் என்றாலும் ஒரு கிளெய்முக்கு 50-ல் இருந்து 20-க்குத்தான் இறங்கும். பூஜ்யத்துக்குப் போகாது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநில மக்கள் 1988-ல் ஓட்டுப் போட்டே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதன் கீழ், விபத்துக்குப் பிரதான காரணம் அல்லாத டிரைவரின் பிரீமியத்தை அந்த விபத்தைக் காட்டி ஏற்ற முடியாது.

அங்கெல்லாம் முதல் கேள்வி: "தப்பு யார் மேல்?" இங்கே ஒரே கேள்வி: "பணம் வாங்கினாயா, இல்லையா?"

மதில் வரி போட்ட இடம்

பாதுகாப்புக்குப் பணம் கேட்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. மூலக்கொத்தளம் என்ற பெயரிலேயே கொத்தளம் இருக்கிறது. ஹைதர் அலியின் குதிரைப்படைக்குப் பயந்து 1770-ஐ ஒட்டிய வருஷங்களில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கருப்பர் பட்டணத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். அந்தச் செலவை ஊர் மக்கள் தலையில் கட்ட மதில் வரி போடப் பார்த்தார்கள். வரி வசூலாகவில்லை. பெயர் மட்டும் இன்றும் வால்டாக்ஸ் சாலையாக நிற்கிறது.

அன்றைய ஜனங்கள் அந்தக் கம்பெனிக்குக் கட்டாமல் தப்பினார்கள். இன்றைய கம்பெனிக்குக் கட்டாமல் தப்ப முடியாது. ஆனால் கூடுதலாகக் கட்டாமல் இருக்க வழி இருக்கிறது.

வழி ஒன்று: லாரியின் இன்சூரன்ஸ்

இடித்த லாரிக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருக்கும். அந்த "மூன்றாம் நபர்" நீங்கள்தான். உங்கள் கார் ரிப்பேர் செலவை அந்தக் கம்பெனியிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் பத்திரத்தைத் தொடவே வேண்டாம். போனசும் பத்திரம்.

ஆனால் நேரே போய்க் கேட்டால் கம்பெனி கொடுக்காது. மோட்டார் வாகன விபத்து நஷ்டஈடு தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். சென்னையில் ஐகோர்ட்டு வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் கோர்ட்டுதான் இந்தத் தீர்ப்பாயமாகச் செயல்படுகிறது. சொத்துச் சேதத்துக்கும் சொத்தின் உரிமையாளர் மனுப் போடலாம் என்று சட்டத்தின் 166-வது பிரிவு சொல்கிறது.

2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள திருத்தப்படி, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

இதற்கு ஆதாரம் வேண்டும். இடித்த இடத்திலேயே லாரியின் நம்பர் தெரியும்படி போட்டோ எடுக்க வேண்டும். இரண்டு வண்டியும் நின்ற நிலையை எடுக்க வேண்டும். டிரைவர் பெயர், லைசென்ஸ் விவரம், பார்த்தவர் யாராவது இருந்தால் அவர் போன் நம்பர், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். காருக்குள் கேமரா இருந்தால் ரொம்ப நல்லது.

பிறகு போலீசில் புகார். சென்னையில் விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு பார்க்கிறது. அஜாக்கிரதையாக வண்டி ஓட்டியதற்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 279-வது பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 281-வது பிரிவு. வழக்குப் பதிவு நகல் இல்லாமல் தீர்ப்பாயத்தில் நிற்பது கஷ்டம்.

லாரிக்கு எந்தக் கம்பெனியில் இன்சூரன்ஸ் என்று தெரியவில்லையா? மத்திய அரசின் வாகனப் பதிவு இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் விவரம் தெரியும். போலீசாரும் ஆர்.டி.ஓ. அலுவலகமும் கேட்பவருக்கு இந்த விவரத்தைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.

இதில் உள்ள கஷ்டம் காலதாமதம். வக்கீல் வைக்க வேண்டும். வாய்தாவுக்கு அலைய வேண்டும். ஐயாயிரம், பத்தாயிரத்துக்கு யார் அலைவது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பெரிய தொகை என்றால் அலையலாம்.

சின்னத் தொகைக்கு லாரி முதலாளியிடம் பேசித் தீர்த்துக்கொள்கிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் பணம் கைக்கு வந்த பிறகே எழுதிக் கொடுக்க வேண்டும். "நாளைக்கு ஆபீசுக்கு வாங்க சார், தர்றோம்" என்ற பேச்சை நம்பி லாரியை விட்டால், லாரியும் போச்சு, பணமும் போச்சு!

வழி இரண்டு: போனசுக்கே இன்சூரன்ஸ்

போனசைக் காப்பாற்றத் தனியாக ஒரு ஏற்பாடு இருக்கிறது. பிரீமியத்தோடு கொஞ்சம் கூடுதல் பணம் கட்டினால் வருஷத்தில் ஒரு கிளெய்ம் போட்டாலும் போனஸ் குறையாது. சில கம்பெனிகள் இரண்டு கிளெய்ம் வரை அனுமதிக்கின்றன. நிபந்தனை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

50 சதவீதத்துக்கு ஏறிவிட்டவர்களுக்கு இது லாபமாக இருக்கலாம். பூஜ்யத்தில் இருப்பவருக்குக் காப்பாற்ற எதுவும் இல்லை. பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது "போனஸ் பாதுகாப்பு எவ்வளவு?" என்று ஏஜெண்டிடம் கேட்டு வைப்பது நல்லது.

அதேபோல, தேய்மானம் கழிக்காத ஏற்பாடும் தனியாக உண்டு. அது இருந்தால் மேலே சொன்ன பம்பர், விளக்கு, கதவுக்கு முழு விலை வரும். ஆனால் போனஸ் போவதை அது தடுக்காது. இரண்டும் வேறு வேறு.

வழி மூன்று: மதிப்பீடு வந்த பிறகு முடிவு

விபத்து நடந்ததும் கம்பெனிக்குத் தகவல் கொடுப்பதில் தாமதம் கூடாது. தகவல் கொடுத்துவிட்டு, சர்வேயர் மதிப்பீடு வரட்டும். எவ்வளவு பணம் வரும் என்று தெரிந்த பிறகு வாய்ப்பாட்டைப் போட்டுப் பார்க்கலாம். லாபமில்லை என்றால், பணம் வாங்கும் முன்பே கிளெய்மைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்து, போனஸ் அப்படியே இருக்கும் என்பதற்குக் கம்பெனியிடம் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு கிளெய்ம் போட்டாலும் போனஸ் போகும், மூன்று போட்டாலும் போகும். ஆகவே ஒரு பெரிய கிளெய்ம் போட்டுவிட்ட வருஷத்தில் சின்னச் சேதத்துக்குப் பயந்துகொண்டு சும்மா இருக்க வேண்டிய அவசியம் அவ்வளவாக இல்லை. ஆனால் ஒவ்வொரு விபத்துக்கும் தனித்தனியாகத்தான் கிளெய்ம் போட வேண்டும். பழைய கீறலைப் புது விபத்தில் சேர்த்தால் சர்வேயர் கண்ணில் பட்டு முழு கிளெய்மும் மாட்டிக்கொள்ளும்.

பொய் சொன்னால் வம்பு!

"கம்பெனியை மாத்திடுங்க சார். போன வருஷம் கிளெய்ம் இல்லேன்னு எழுதிக்கலாம்" என்று யோசனை சொல்லும் ஆசாமிகளும் உண்டு.

உஷார்! புதுக் கம்பெனி போனஸ் கொடுக்கும்போது உறுதிமொழி எழுதி வாங்குகிறது. பழைய கம்பெனியிடம் விசாரிக்கவும் செய்யும். பொய் என்று தெரிந்தால் சொந்த சேத பாகத்தின் கீழ் எந்தப் பணமும் கிடைக்காமல் போகலாம். இரண்டாயிரம் ரூபாய் போனசுக்கு ஆசைப்பட்டு, கார் முழுசாக நொறுங்கும் அன்று வெறுங்கையோடு நிற்க வேண்டி வரும்.

போனஸ் காருக்கு அல்ல, உரிமையாளருக்கு. பழைய காரை விற்றாலும் போனஸ் உங்களோடு வரும். சர்டிபிகேட் வாங்கி வைத்துக்கொண்டு மூன்று வருஷத்துக்குள் புதுக் காரில் சேர்த்துக்கொள்ளலாம். பத்திரம் காலாவதியாகி 90 நாள் தாண்டிவிட்டால் போனஸ் போய்விடும். கிளெய்மே போடாமல் மறதியால் மட்டும் போனசை இழந்தவர்களும் இருக்கிறார்கள்.

"மூணு வருஷத்துக்கு இருக்கே!"

2018 செப்டம்பர் 1 முதல் புதுக் கார் வாங்கும்போது 3 வருஷத்துக்கும், இரு சக்கர வாகனத்துக்கு 5 வருஷத்துக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மொத்தமாகக் கட்ட வேண்டும். கோவை எலும்பு முறிவு டாக்டர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு போட்ட உத்தரவு அது.

"மூணு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கே" என்று பலர் இதை நம்பி சும்மா இருந்துவிடுகிறார்கள். அது அடுத்தவர் நஷ்டத்துக்கு மட்டும்தான். சொந்த சேத பாகத்தைப் புதுப்பிக்காவிட்டால், லாரி இடிக்கும்போது தீர்ப்பாயத்தைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. இடித்தவன் நிற்காமல் ஓடிவிட்டால் அதுவும் இல்லை.

ஆளுக்கு அடிபட்டால் வேறு கணக்கு

மேலே சொன்னதெல்லாம் தகர டப்பாவுக்குத்தான். மனுஷனுக்கு அடிபட்டால் போனஸ் கணக்கைத் தூக்கி எறிந்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் போக வேண்டும்.

தப்பு யார் மேல் என்று கேட்காமல் நஷ்டஈடு கொடுக்கும் விதி மனித உயிருக்கு இருக்கிறது. 1988 சட்டத்தில் சாவுக்கு 25,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 12,000 ரூபாய் என்று வைத்தார்கள். 1994-ல் அது 50,000, 25,000 ஆனது. 2022 ஏப்ரல் 1 முதல் 164-வது பிரிவின் கீழ் சாவுக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம்.

இடித்துவிட்டு ஓடிய வண்டி அடையாளமே தெரியாவிட்டாலும் சாவுக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் உண்டு. ரோட்டோரத்தில் ஐந்நூறு, ஆயிரம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புகார் எங்கே?

கம்பெனி தப்பாகக் கணக்குப் போட்டாலோ, வாங்காத பணத்துக்குப் போனசை வெட்டினாலோ முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலும், பதில் திருப்தி இல்லை என்றாலும் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னை அலுவலகம் அண்ணா சாலை, தேனாம்பேட்டையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கை விசாரிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. கட்டணம் கிடையாது. வக்கீலும் வேண்டாம்.

இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போனில் புகார் சொல்ல 155255 என்ற இலவச எண் இருக்கிறது.

ஆனால் தப்பு செய்யாதவரின் போனசை வெட்டுவது கம்பெனியின் தவறு அல்ல, விதியே அப்படி. அதைக் குறைதீர்ப்பாளரால் மாற்ற முடியாது. மலேசியாவில் முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று ஒழுங்குமுறை ஆணையமும் மத்திய அரசும்தான் யோசிக்க வேண்டும். போலீஸ் விசாரணையில் தப்பு எதிராளி மேல் என்று தெரிந்த பிறகும் நிரபராதியிடம் தண்டம் வாங்குவது எந்த ஊர் நியாயம் என்று கார்க்காரர்கள் கேட்பதில் தவறில்லை.

விதி மாறுகிற வரை, ஷெட்டில் "சார், இங்க ஒரு கையெழுத்து" என்று கிளெய்ம் பாரத்தை நீட்டினால் பேனாவை எடுக்காதீர்கள். பழைய பத்திரத்தை எடுத்து, சொந்த சேத பிரீமியம் எவ்வளவு, போனஸ் எத்தனை சதவீதம் என்று முதலில் பாருங்கள்.